வேகத்தில் எரியும் ஆயில் லைட்: இஞ்சினைப் பிரிக்கும் முன் சம்பைக் கழற்றுங்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 2015 மாடல் பெட்ரோல் கார், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது. ஒரு மாதமாக, கோவைக்குப் போகும்போது தாராபுரம் தாண்டி 80, 90 வேகத்தில் போனால் சிவப்பு ஆயில் லைட் எரிகிறது. வேகத்தைக் குறைத்தால் அணைந்துவிடுகிறது. சிக்னலில் ஸ்லோவில் நிற்கும்போது எரிவதே இல்லை. டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து எடுத்தால் கொஞ்ச தூரம் தொந்தரவில்லை, பிறகு மறுபடியும் எரிகிறது. டிப் ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கிறது. ஒரு மெக்கானிக் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார். 5டபிள்யூ-30க்குப் பதிலாகக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினார். அதன்பிறகு காலையில் கிளம்பிய பத்து நிமிடத்திலேயே எரிகிறது. இன்னொருவர் ஆயில் சுவிட்சை மாற்றினார், இரண்டு நாள் சரியாக இருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது இடத்தில் பேரிங் போய்விட்டது, இஞ்சினை இறக்க வேண்டும், 48,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வேலை பார்ப்பதா, வண்டியை வந்த விலைக்கு விற்றுவிடுவதா? (மே மாதம் தோட்டத்துப் பாதையில் கல்லில் அடிபட்டு, இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தகரத் தொட்டியான ஆயில் சம்ப் ஒழுகியது. டிங்கரிடம் கொடுத்துத் தட்டி, ஒட்டி மாட்டிவிட்டோம். அதற்குப் பிறகு ஒழுகல் இல்லை.)

பதில்: வணக்கம் ஐயா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த பிறகு அந்த வண்டியைச் சாவி போட்டு எடுக்காதீர்கள். பக்கத்துத் தெருவுக்குக்கூட வேண்டாம். ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் ரெக்கவரி வண்டியில் ஏற்றியோ கட்டி இழுத்தோதான் போக வேண்டும்.

இவ்வளவு அவசரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "வேகத்தில்தானே எரிகிறது, ஸ்லோவில் நன்றாகத்தானே இருக்கிறது" என்று நீங்கள் கொஞ்சம் ஆறுதலாக எழுதியிருப்பது தெரிகிறது. உண்மை நிலை அதற்கு நேர்மாறானது. அந்தச் சிவப்பு லைட் ஆயில் குறைந்தால் எரிவதில்லை, பிரஷர் குறைந்தால் எரிவது. இஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் சின்ன சுவிட்சுக்குள் ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. பெரும்பாலான கார்களில் பிரஷர் 4 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால்தான் அந்தச் சுவிட்ச் லைட்டைப் போடும். ஓடும் இஞ்சினுக்கு எவ்வளவு வேண்டும்? நாங்கள் பட்டறையில் வைத்திருக்கும் பழைய கணக்கு, ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. நீங்கள் 90இல் போகும்போது இஞ்சின் ஏறக்குறைய 3,000 சுற்றும். அப்போது குறைந்தது 30 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், அதாவது உங்கள் டயரில் இருக்கும் காற்றின் அளவு. அந்த நேரத்தில் லைட் எரிகிறது என்றால் முப்பது இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து ஆறுதான் இருக்கிறது. ஸ்லோவில் லைட் மினுக்கினால் ஏழெட்டு வேண்டிய இடத்தில் ஐந்து இருக்கிறது என்று பொருள். இரண்டில் எது ஆபத்து என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, மூன்று மெக்கானிக்குகளும் தொடாத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் கடைசியாக எழுதிய வரிதான் எனக்கு முதல் வரி. அதை அவர்களிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒழுகல் நின்றதோடு அந்தக் கதை முடிந்துவிட்டதாகத்தான் யாருக்கும் தோன்றும்.

நீங்கள் தோட்டக்காரர், கிணற்று மோட்டாரை வைத்தே சொல்கிறேன். சொட்டுநீர்க் குழாயின் கடைக்கோடியில் தண்ணீர் வேகம் இல்லை என்றால் நீங்கள் என்னென்ன பார்ப்பீர்கள்? குழாய் வழியில் எங்காவது வெடிப்பு இருந்து தண்ணீர் வீணாகலாம். மோட்டார் தேய்ந்திருக்கலாம். திருப்பிவிடும் வால்வு மூடாமல் இருந்து தண்ணீர் கிணற்றுக்கே திரும்பலாம். அல்லது கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வில் இலையும் பாசியும் அடைத்திருக்கலாம். இஞ்சினிலும் இதே நான்குதான். குழாய் வெடிப்பு என்பது தேய்ந்த பேரிங். மோட்டார் என்பது ஆயில் பம்ப். திருப்பிவிடும் வால்வுதான் ரிலீஃப் வால்வு. சம்புக்குள் ஆயிலில் மூழ்கியிருக்கும் ஸ்ட்ரெய்னர்தான் ஃபுட் வால்வு, குழாய் முனையில் கம்பி வலைச் சல்லடை போட்டிருப்பார்கள்.

பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை, ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயில் குறுகலான பேரிங் இடுக்கில் நெருக்கிப் போக வேண்டியிருப்பதால்தான் பிரஷர் ஏறுகிறது. அந்த இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு, நம் தலைமுடியைவிட மெல்லியது. அது இரண்டு மடங்கானால் அதன் வழியே கசியும் ஆயில் இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்காகும். அதனால்தான் தேய்ந்த இஞ்சினில் ஆயில் சூடாகி இளகியதும் பிரஷர் சடாரென்று விழுகிறது. ஆனால் எப்போது விழும்? பம்ப் மெதுவாகச் சுற்றும் ஸ்லோவில். ஆக்சிலரேட்டரை மிதித்து ரேஸ் செய்தால் பம்ப் அதிகமாகத் தள்ளும், பிரஷர் ஏறும், லைட் அணையும். பேரிங் போன வண்டி சிக்னலில் எரியும், ரோட்டில் அணையும். முப்பது வருடமாகப் பார்த்துவரும் நடை இது.

உங்கள் வண்டி தலைகீழாக நடக்கிறது. ஸ்லோவில் அணைகிறது, வேகத்தில் எரிகிறது. இது ஃபுட் வால்வு அடைத்த மோட்டாரின் நடை. மெதுவாக இழுத்தால் சல்லடை வழியே வருகிற ஆயில் போதும். வேகமாக இழுக்கும்போது அந்த வழி போதாமல் பம்ப் வெற்றிடத்தை இழுக்கிறது. வண்டியை நிறுத்திக் கால் மணி நேரம் விட்டதும் சல்லடையில் ஒட்டியிருந்தது கொஞ்சம் கீழே உதிர்கிறது, மறுபடி கொஞ்ச தூரம் ஓடுகிறது. டீக்கடைக்குப் பிறகு சரியாகிவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மீதிப் பாதியைக் கெட்டி ஆயில் சொல்லிவிட்டது. கொதிக்கும் தண்ணீரின் சூட்டில் அளந்தால் 30 கிரேடு ஆயிலின் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு) வரை இருக்கும், 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. பேரிங்தான் தேய்ந்திருந்தால் கெட்டி ஆயில் இடுக்கில் கசிவதைக் குறைத்திருக்கும். லைட் கொஞ்ச நாளாவது குறைவாக எரிந்திருக்கும். உங்களுக்கு அதிகமாகிவிட்டது, அதுவும் காலையில் ஆயில் இன்னும் முழுச் சூடு ஏறாதபோது. அடைத்த சல்லடை வழியே பாலை இழுப்பதும் பாயசத்தை இழுப்பதும் ஒன்றா? அந்த மெக்கானிக் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் அவர் ஊற்றிய ஆயில் அவருக்கே தெரியாமல் ஒரு சோதனையாக அமைந்துவிட்டது, அதன் விடையை யாரும் படிக்கவில்லை.

இப்போது சம்ப். கல்லில் அடிபட்டால் இரண்டு விதமாகக் கெடுதல் வரும். தகரம் உள்ளே அமுங்கி ஸ்ட்ரெய்னரின் வாய்க்கு அருகே வந்துவிடும். டிங்கர் வெளியே தட்டி எடுத்தாலும் முழுமையாகப் பழைய நிலைக்கு வந்திருக்காது. அடித்த வேகத்தில் ஸ்ட்ரெய்னர் குழாயே வளைந்திருக்கவும் கூடும், அதைப் பார்க்க டிங்கருக்கு வேலையில்லை. இரண்டாவது, ஒட்டிய பேஸ்ட். ஒழுகக் கூடாது என்ற பயத்தில் சம்ப் விளிம்பு முழுக்க சிலிக்கான் பேஸ்டைத் தாராளமாகப் பிதுக்குவார்கள். போல்ட் இறுகும்போது பாதி வெளியே வரும், அதைத் துடைத்துவிடுவார்கள். மறு பாதி உள்ளே பிதுங்கி, காய்ந்து, சூடான ஆயிலில் நாள்பட ஊறி, துண்டு துண்டாகக் கழன்று விழும். அவை போய்ச் சேரும் இடம் ஸ்ட்ரெய்னர்.

சில வருடங்களுக்கு முன் என் பட்டறைக்கு இதே போல ஒரு வண்டி வந்தது. ஸ்ட்ரெய்னரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சல்லடை முகம் முழுக்கச் சிவப்பு சிலிக்கான் சுருள்கள், தாளித்த வற்றல் மிளகாயின் தோலைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. ஒரு ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வலை தெரிந்தது. அந்த நகம் அளவு வழியில்தான் இஞ்சின் ஆறு மாதம் உயிர் பிழைத்திருந்தது. அதை இன்னும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் வாரம் எடுத்துக் காட்டுவேன்.

உங்கள் வண்டியிலும் இதுவேதான் என்று நான் இங்கிருந்து சத்தியம் செய்ய மாட்டேன். இன்னும் கேஜ் வைத்துப் பார்க்கவில்லையே. ஒரு மாதமாக மூன்று இடத்தில் காட்டியிருக்கிறீர்கள், ஒருவர்கூட பிரஷர் கேஜ் மாட்டவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது போன்றது இது. சுவிட்சைக் கழற்றி அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் திருகினால் அரை மணி நேர வேலை. அடாப்டர் மறை மட்டும் வண்டிக்கு வண்டி மாறும், சரியானதைப் போட வேண்டும், டேப் சுற்றி அழுத்தித் திணிக்கக் கூடாது.

வேலை செய்பவரிடம் இப்படிக் கேளுங்கள். முதலில் ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டவில்லை என்று பார்க்கட்டும். அதிகம் ஊற்றினால், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைத்துவிடும், நுரையைப் பம்ப் இழுத்தாலும் லைட் எரியும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பெட்ரோல் வாடை இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பிறகு கேஜை மாட்டி, நின்ற இடத்திலேயே இஞ்சினைச் சூடாக்கி, ஸ்லோவில் ஒரு ரீடிங், 2,000இல் ஒன்று, 3,000இல் ஒன்று. ரேஸ் செய்யும்போது முள் பத்துக்குக் கீழே போனால் அந்த நொடியே ஆஃப் செய்துவிட வேண்டும்.

ஸ்லோவில் நன்றாக இருந்து, 2,000 வரை ஏறி, அதற்கு மேல் முள் நடுங்கிக்கொண்டே கீழே இறங்கினால் ஸ்ட்ரெய்னர்தான். குழாயும் பம்பும் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து காற்று இழுத்தாலும் இதே நடுக்கம் வரும், அதற்கும் சம்பைத்தான் கழற்ற வேண்டும், ஆகவே வழி ஒன்றே. ஸ்லோவில் மிகக் குறைவாக இருந்து வேகம் கூடக்கூட ஏறினால் பேரிங் அல்லது பம்ப் தேய்மானம், அப்போது மூன்றாவது மெக்கானிக் சொன்னது சரி. எந்த வேகத்திலும் ஒரே இடத்தில் முள் மந்தமாக நின்றால் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. கேஜ் எல்லாம் சரியாகக் காட்டியும் லைட் எரிந்தால் ஒயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது. சுவிட்ச் மாற்றி இரண்டு நாள் சரியாக இருந்ததாக எழுதியிருப்பதால் இதையும் விடாமல் சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும் நீங்கள் உள்ளூருக்குள்தான் ஓட்டியிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

கேஜ் ஸ்ட்ரெய்னர் பக்கம் கை காட்டினால் சம்பைக் கழற்றச் சொல்லுங்கள். சில வண்டிகளில் சைலன்சரின் முன் குழாயை இறக்கினால்தான் வரும், ஆனாலும் இஞ்சினை இறக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். சம்பின் உள்பக்கத்தில் கையை வைத்துத் தடவினால் மேடு தெரியும். ஸ்ட்ரெய்னர் வாய்க்கும் சம்ப் அடிக்கும் நடுவே பொதுவாக 6 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். அதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. ஸ்ட்ரெய்னர் முகத்தில் நெல்லிக்காய் அளவு களிமண் உருண்டையை ஒட்டி, பேஸ்ட் போடாமல் சம்பை மேலே தூக்கி இரண்டு போல்ட்டில் பிடித்து, உடனே இறக்கிவிடுங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் அந்தச் சம்பைத் திரும்பத் தட்ட வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள். களிமண்ணை ஒரு துளி விடாமல் துடைத்து எடுக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் இருந்து கவனியுங்கள்.

அடுத்தது, நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் வேலை. சம்ப் கழன்றிருக்கும்போது பிஸ்டனின் ராட் கிராங்கோடு சேரும் இடத்தில் இருக்கும் ஒரு பிக் எண்ட் பேரிங் மூடியையாவது திறந்து பார்த்துவிடுங்கள். ஒரு மாதம் வறண்டு ஓடியிருக்கிறது. ஸ்ட்ரெய்னரை மட்டும் சுத்தம் செய்து மூடிவிட்டால் லைட் அணைந்துவிடும், உள்ளே காயம் அப்படியே இருக்கும்.

காயம் பட்டிருக்காது என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் உண்டு. கிராங்கைத் தூக்கிப் பிடிப்பது பம்பின் பிரஷர் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்தபோது, ஆயில் விடுவதற்காக மேலே ஒரு துளை போட்டார். அச்சு சுற்றியதும் அந்தத் துளை வழியே ஆயில் மேலே வந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. கேஜ் வைத்தபோது முள் 200 பி.எஸ்.ஐ.யைத் தாண்டியது, பேரிங் மேல் இருந்த சராசரிச் சுமையோ 100 பி.எஸ்.ஐ.தான். சுற்றும் அச்சு தானே ஆயிலை இடுக்குக்குள் ஆப்புபோல இழுத்து, அதன்மேல் மிதக்கிறது. பம்ப் செய்வது அந்த ஆப்புக்கு ஆயில் தீராமல் ஊட்டுவது மட்டும்தான். லைட் எரிந்தபோதெல்லாம் நீங்கள் வேகத்தைக் குறைத்ததால் ஊட்டம் முழுதாக அறுந்திருக்காது. அதனால்தான் இன்னும் கீழிருந்து "டக் டக்" சத்தம் வரவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

மூடிக்குள் இருக்கும் வளைந்த தகடான பேரிங் ஷெல் ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது. நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படும் கீறல் இருந்தாலோ, சாம்பலுக்கு அடியில் செம்பு நிறம் தெரிந்தாலோ எல்லா ஷெல்லையும் மாற்ற வேண்டும், கிராங்கையும் லேத்தில் அளந்து பார்க்க வேண்டும். பல இஞ்சின்களில் அந்த மூடியைப் பிடிக்கும் ராட் போல்ட்டுகள் ஒரு முறைக்குத்தான். திறந்தால் புதிது போட வேண்டும், மேனுவல் சொல்லும் டார்க்கில்தான் (இறுக்கும் விசையின் அளவு) இறுக்க வேண்டும். பழைய ஃபில்டரையும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காகித மடிப்பை விரித்து வெயிலில் பிடித்தால், உள்ளே உலோகத் தூள் இருந்தால் மினுமினுக்கும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் மினுக்கினால் பெரும்பாலும் பேரிங்.

மாட்டும்போது ஸ்ட்ரெய்னர் ஓ-ரிங் கட்டாயம் புதிது. பேஸ்ட் 3 மி.மீ. நூல் போல ஒரே கோடு, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். காயும் நேரம் டியூபிலேயே அச்சிட்டிருக்கும், அதற்கு முன் ஆயில் ஊற்ற விடாதீர்கள். ஊற்றியதும் நேரே ஸ்டார்ட் செய்யாமல், ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, விட்டு விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி லைட் அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இஞ்சினை ஓட விட வேண்டும். யாராவது "இஞ்சின் ஃப்ளஷ் ஊற்றினால் சம்பைக் கழற்றாமலே அடைப்பு கரைந்துவிடும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிலிக்கான் அதில் கரையாது. இருக்கும் கசடும் மொத்தமாகக் கழன்று மிச்சமிருக்கும் வழியையும் அடைத்துவிடும்.

விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த நிலையில் விற்க வேண்டாம். சொல்லி விற்றால் பாதி விலைக்குக் கேட்பார்கள், சொல்லாமல் விற்றால் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும் யாரோ ஒருவருக்கு இஞ்சின் பிடித்து நிற்கும். உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவதைச் செய்யும் மனிதராகத் தெரியவில்லை. 1,12,000 கிலோமீட்டர் ஒழுங்காக ஆயில் மாற்றிய பெட்ரோல் இஞ்சினுக்கு வயதே இல்லை. ஸ்ட்ரெய்னர், சம்ப், ஓ-ரிங், ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்ந்தாலும் அந்த 48,000க்கு வெகு கீழேதான் நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் கேஜை உடனே கழற்றிவிடாமல், நீளக் குழாய் போட்டு முன்கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டு, அதே தாராபுரம் ரோட்டில் மெக்கானிக்கை உட்கார வைத்து 80, 90இல் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முள் 30க்கு மேலே அசையாமல் நின்றால் சுவிட்சைத் திரும்பப் போட்டுவிடலாம். இப்போது ஊற்றும் ஆயில் 5டபிள்யூ-30ஆகவே இருக்கட்டும். உள்ளே மிச்சம் மீதி ஒட்டியிருப்பது கழன்று வரும் என்பதால், ஆயிரம் கிலோமீட்டரில் அதையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்த்துவிடுங்கள். கேஜின் மூன்று ரீடிங்குகளையும், முடிந்தால் ஸ்ட்ரெய்னரின் போட்டோவையும் எனக்கு அனுப்பி வையுங்கள். பேரிங் பக்கம் கை காட்டும் ரீடிங்காக இருந்தால், இஞ்சினை இறக்கும் முன் எதை எதை அளக்கச் சொல்ல வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன்.